ஜெசி தொட்ட மொட்டுகள்

ஒரு குழந்தையை நோயாளியாக்கப் பார்த்தவள் நான்.

பிள்ளைகளின் கவனத்தை அளக்க டேப்லெட்டில் ஒரு விளையாட்டு செய்து, அதை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். திரையில் மல்லிகைச் செடி வரும். பறிக்கிற பதத்தில் உள்ள பூவைத் தொட வேண்டும். திண்டுக்கல் டவுன் பிள்ளைகள் மலர்ந்த பூக்களைத் தொட்டு மதிப்பெண்ணை அள்ளினார்கள்.

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் முதலில் விளையாடியவள் மூன்றாம் வகுப்பு ஜெசி. பத்து முறையும் மொட்டையே தொட்டாள். ‘கவனக் குறைபாடு, மருத்துவரிடம் காட்டவும்’ என்று படிவத்தில் எழுதிவிட்டேன்.

மறுநாள் விடியலில் அவள் அம்மாவிடம் கையெழுத்து வாங்கப் போனேன். பனிக்குள் மல்லிகைத் தோட்டமே மிதந்துகொண்டிருந்தது. அம்மா செடிகளுக்கு நடுவே குனிந்து நின்றார்.

“செத்த நேரம் இருங்க டீச்சர், வெயிலு ஏறுறதுக்குள்ள பறிச்சுட்டு வாரேன்.”

சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது. நானும் ஒரு பூவைப் பறித்து அவர் மடியில் போட்டேன். அவர் அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“இது நேத்து விட்டுப்போனது டீச்சர். விரிஞ்சத யாரு வாங்குவா? மொட்டத்தான் பறிக்கணும். இத நீங்க தலையில வச்சுக்கங்க.”

அந்தப் பனியில் ஜெசியின் பத்து மொட்டுகளும் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து நின்றன.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “எங்க கையெழுத்துப் போடணும்?” என்றார். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

“வேண்டாம்க்கா. நான்தான் தப்பா எழுதிட்டேன்.”

அந்தப் படிவம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. ஜெசியின் பெயரை அடித்துவிட்டு, என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.