கிலோக்காரரின் கடவாய்

எங்கள் பல் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கிலோக்காரர் என்று பெயர். வருகிறவர்களின் கடவாய்ப் பற்களுக்கு நடுவே ரப்பர் உறை போட்ட தகட்டை வைத்து, இறுக்கிக் கடிக்கச் சொல்வார். எத்தனை கிலோ பலத்தில் கடிக்கிறார்கள் என்று தகட்டோடு சேர்ந்த மெஷினில் எண் விழும். பல்லும் தாடையும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அதை வைத்துத்தான் பெரிய டாக்டர் முடிவு கட்டுவார். நான் பக்கத்து மேஜையில் சீட்டு எழுதுகிறவள். எனக்கு வாய் நீளம். என் அப்பாவே சொல்லியிருக்கிறார்.

தினமும் காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன், மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கிலோக்காரர் தானே ஒருமுறை கடித்து நோட்டில் எழுதுவார். பதினோரு வருடமாக ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று. அவர் மனைவி இறந்து எட்டு மாதத்தில் அது நாற்பதாகி, முப்பத்தாறுக்கு வந்தது.

மெஷின்தான் கெட்டுவிட்டது என்று மனுஷன் சாதித்தார். அப்படியானால் எட்டு மாதமாக அளந்ததெல்லாம் தப்பு. அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டும், அவர் வேலையும் போய்விடும். வெளிறிய முகத்தோடு மெஷினைக் கம்பெனிக்கு அனுப்பினார். ஒரு குறையும் இல்லை என்று திரும்பி வந்தது. நம்பாமல் என்னைக் கடிக்கச் சொன்னார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் விளையாட்டாகக் கடித்தது நாற்பத்தெட்டு. இப்போதும் அதே நாற்பத்தெட்டு. நோயாளிகளின் எண்களெல்லாம் சரிதான், இறங்கியது அவருடைய கடி மட்டும்தான்.

பெரிய டாக்டர் அவரையே நாற்காலியில் உட்கார வைத்து எக்ஸ்ரே எடுத்தார். ஒரு பல்லிலும் சொத்தையில்லை, தாடைத் தசைதான் இளைத்திருந்தது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, மூன்று வேளையும் பாலில் ஊறவைத்த ரொட்டி என்றார். பல்லை இவ்வளவு நன்றாக வைத்துக்கொண்டு ஏன் இப்படி என்று டாக்டர் விடவில்லை.

"தனியா உக்காந்து மென்னா, அந்தச் சத்தம் வீடு பூரா கேக்குது டாக்டர். தாங்க முடியல."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எட்டு மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் அளந்தேனே, வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? மத்தியானம் கிலோக்காரர் சாப்பிட வீட்டுக்குக் கிளம்புமுன் விறுவிறுவென்று அவர் மேஜைக்குப் போய், என் டப்பாவைத் திறந்து ஒரு கேரட்டை அவர் முன்னால் வைத்தேன்.

"மெல்லுங்கண்ணே. நானும் மெல்றேன். எது யார் சத்தம்னு யாருக்குத் தெரியப் போகுது?"

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான். எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி நாற்பத்தைந்தைத் தொட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆஸ்பத்திரி கிடையாது. திங்கட்கிழமை நோட்டைத் திறந்தால் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ குறைந்திருக்கும். அதைப் பார்க்கும்போது மட்டும் நான் வாய் திறப்பதில்லை.