அகலமான டயருக்குக் கிடைத்த மாலை

தமிழர் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரிய எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், பாறசாலையில் ஒரு செல்வந்தரின் இரண்டு இருக்கை வேகக் காருக்கு நான் ஓட்டுநர். கம்பீரமாகத் தோன்றட்டும் என்று, அளவுக்கு மீறி அகலமான டயர்களை நானே தேர்ந்து மாட்டினேன். ஆளில்லாத வண்டியில் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்று திருப்தியடைந்தேன்.

ஒருநாள் ஊர்வலத்து அடிதடியில் தொண்டர் தங்கையனின் கால் முறிந்தது. அவரையும், தாங்கிப் பிடிக்க இருவரையும் நெருக்கியடித்து ஏற்றிக்கொண்டு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு விரைந்தேன். பாரத்தில் வண்டி தாழ்ந்தது. முதல் வளைவிலேயே டயர், சக்கரத்தின் மேல்மூடியான மட்கார்டில் உரசி வெடித்தது.

"எலே மக்கா, இவ்வளவு தடிச்ச டயரு எதுக்காக்கும்? மட்கார்டு கடிச்சுப்போட்டுதே!" என்று வலியிலும் சிரித்தார் தங்கையன்.

அவரைக் கட்டிலில் சுமந்து ஆஸ்பத்திரி சேர்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தாமதத்தால் காலைக் காப்பாற்ற முடியாமல், முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள்.

ஊரார் கேட்டபோது, எதிர்த்தரப்பார் கல்லெறிந்து டயரைக் கிழித்ததாகச் சொன்னேன். பொதுக்கூட்டத்தில் எனக்கு மாலையிட்டார்கள். ஊன்றுகோலோடு வந்திருந்த தங்கையனும் கைதட்டினார். பிறகு என் காதருகே, "உள்ளதைச் சொன்னா போராட்டத்துக்குக் கேடாக்கும். நீ மாலையோட போ" என்றார்.

டயரில் நேர்ந்தது அறியாமை. அதை நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் சவரம் செய்கையில், அன்று மாலைக்காகக் குனிந்த கழுத்தைக் கண்ணாடியில் காண இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.