அடுப்போடு பேசியவள்

நல்லது செய்ய வந்திருக்கிறோம் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். தாராவியில் பிறந்து, தாராவியிலேயே வாக்கப்பட்டவளுக்கு இது வியாதி இல்லை, பழக்கம். கையில் டேப்போடு எவனாவது எங்கள் சந்துக்குள், நாங்கள் கல்லி என்போம், நுழைந்தால், எதற்கு அளக்கிறான் என்று தெரிகிற வரைக்கும் கதவைப் பாதிதான் திறப்பேன்.

அப்படித்தான் அந்த மாட்டுங்காப் பெண் வந்தபோதும் திறந்தேன். மாட்டுங்காவில் இருக்கிற ஏதோ ஒரு சங்கத்திலிருந்து வந்திருந்தாள். சின்னப் பெண், தோளில் துணிப்பை, ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"ஆன்ட்டி, உங்க கல்லிக்கு ஒரு காமன் கிச்சன் வரப்போறது. பெரிய பாய்லர், கேஸ்ல ஓடும். ஸ்டீம்லயே எல்லாரும் இட்லி வேகவச்சுக்கலாம். புகையும் இருக்காது, உங்க தொழிலும் போகாது."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றுதான் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

எங்கள் கல்லியில் பாதி வீடு இட்லி வீடு. மத்தியானம் அரிசியும் உளுந்தும் ஊறும், சாயங்காலம் கிரைண்டர் ஓடும், விடியுமுன் அடுப்பு எரியும். ஆண்கள் அலுமினிய டப்பாவில் இட்லியையும் தூக்கில் சட்னியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஹாரனை அமுக்கியபடி மாட்டுங்கா, செம்பூர் என்று கிளம்பிவிடுவார்கள். சுடச்சுட என்று வாங்கித் தின்கிறவர்களுக்கு அது எதில் வெந்தது என்று தெரியாது. பர்னிச்சர் பட்டறைகளில் கழிந்த பிளைவுட் துண்டுகளில் வெந்தது. பசையும் பெயின்ட்டும் சன்மைக்காவுமாகத்தான் எரியும். பத்துக்குப் பத்து அறையில் அந்தப் புகை எங்கே போகும்? பாதி ஜன்னல் வழியாகப் போகும், மீதி என் புருஷன் நெஞ்சுக்குள் போகும்.

போன மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சைக்கிளை மிதித்து கிங்ஸ் சர்க்கிள் வரைக்கும்கூடப் போக முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார், வீட்டைவிட்டு அடுப்பு போக வேண்டும், இல்லையென்றால் இவர் போக வேண்டும் என்று. அடுப்பு போனால் சோறு போகும். அதனால் அவர் போனார், பாண்டுப்பில் இருக்கிற தங்கை வீட்டுக்கு. இட்லி டப்பாவை எங்கள் சொந்தக்காரர் ஒருவர் தன் சைக்கிளில் சேர்த்து எடுத்துப்போனார்.

சாயங்காலம் போன் செய்வார்.

"ஏளா, இங்க காத்து நல்லாத்தாம் இருக்கு. உன் சத்தமும் கேக்கலயா, நெஞ்சு இன்னும் லேசா இருக்கு."

"அப்ப அங்கனயே கெடங்க. இங்க யாரும் தேடல."

போனை வைத்துவிட்டு மூலையில் தண்ணீர் புழங்குகிற மோரியில் பாத்திரம் கழுவ உட்காருவேன். கழுவுகிற சத்தத்தில் அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. கல்யாணமான நாளிலிருந்து அவர் இல்லாத வீட்டில் நான் படுத்ததே இல்லை.

ஆக, அந்தப் பெண்ணை நம்பி நான் சம்மதிக்கவில்லை. அவர் திரும்பி வர வேண்டும், அதற்காகச் சம்மதித்தேன். கேஸ் செலவை மட்டும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். முழுக்க இலவசம் என்றிருந்தால் ஏமாற்று என்று தெரிந்திருக்கும். கேஸ் செலவு மட்டும் என்றதும் நல்லதா ஏமாற்றா, எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றே எனக்குப் புரியவில்லை.

கல்லி முனையில் மூடிக் கிடந்த தோல் கிடங்கைக் கழுவி, வெள்ளையடித்து, பாய்லரை வைத்தார்கள். குழாய் வழியாக நீராவி வரும், பீரோ மாதிரிப் பெட்டிகளுக்குள் தட்டுத் தட்டாக இட்லி வேகும். ஒரு பெட்டியை இரண்டு வீடு பகிர்ந்துகொள்ள வேண்டும். எனக்கு யாரோடு விழுந்தது தெரியுமா? எதிர்வீட்டுக்காரியோடு.

மைனி என்று முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள்தான், அவளும் நானும் பேசிப் பல வருஷம் ஆகிறது. தண்ணீர் வரிசையில் என் குடத்தைப் பின்னால் தள்ளி வைத்தாள். நான் அவள் குடத்தைத் தூக்கி சாக்கடைக் கட்டாருக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்கு அவள் ஒரு வார்த்தை சொன்னாள், நான் இரண்டு சொன்னேன். அன்றைக்கு நின்ற பேச்சு. ஆனால் எதிரெதிர் வாசலில் இருந்துகொண்டு ஒரேயடியாகப் பேசாமல் இருக்க முடியுமா? ஜாடையாகப் பேசுவோம். அவள் தன் விளக்குமாற்றிடம் சொல்லுவாள், நான் என் வாளியிடம் பதில் சொல்லுவேன். கல்லியில் எல்லோருக்கும் இது பழகிப்போன விஷயம்.

கிச்சனுக்கு வந்த பிறகு நீராவிப் பெட்டியிடம் பேச ஆரம்பித்தோம்.

"ஏ பொட்டி, சில மாவு சோடா போடாம எந்திரிக்கவே எந்திரிக்காது போல" என்பாள் அவள்.

"பொட்டியே, சோடாவாவது கடையில கெடைக்கும். கைப்பக்குவம் எங்க கெடைக்கும்?"

மாவுச் சட்டியின் வாயைத் துணியால் கட்டி, முடிச்சை எனக்கு மட்டும் தெரிகிற மாதிரிப் போட்டு வைப்பேன். நான் எவ்வளவு வெந்தயம் போடுகிறேன் என்று அவள் மோப்பம் பிடித்துவிடுவாள் என்று பயம். அவளும் தன் சட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். அந்த மாட்டுங்காப் பெண் வந்து, "எல்லாரும் எவ்ளோ ஒத்துமையா இருக்கீங்க" என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

வயிற்றெரிச்சலாக இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும், இட்லி நன்றாகவே வந்தது. பூப்போல வந்தது, புகை வாடையே இல்லை. செம்பூர் ஆபீஸ்காரர்கள் கூடுதலாகக் கேட்டார்கள். என் அடுப்பு அணைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பையோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே வந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். இருமல் வரவில்லை. நான் பையை வாங்கி உள்ளே வைத்தேன்.

அவர் வந்ததும் முதலில் கேட்டது சுண்ணாம்பு. அடுப்புக்கு மேலே சுவர் முழுக்கக் கரி. தொட்டால் கையில் ஒட்டும், பாயை உதறினால் உதிரும், உதிர்ந்தால் அவருக்குத் தொண்டை கரகரக்கும்.

"வெள்ளை அடிச்சிருவோமா?"

"அடிக்கக் கூடாது. அது சாட்சி."

என்ன சாட்சி என்றால், தாராவியை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று வீடு வீடாக சர்வே நடந்துகொண்டிருந்தது. தொழில் நடக்கிற வீட்டுக்குத் தொழில் செய்ய இடம் தருவார்கள், வெறும் வீட்டுக்கு வெறும் வீடுதான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அடுப்பு பொதுக் கிச்சனுக்குப் போய்விட்டால் என் வீட்டில் தொழில் நடக்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி? மாட்டுங்காப் பெண்ணிடம் கேட்டேன். "அது எங்க வேலை இல்ல ஆன்ட்டி, கேட்டுச் சொல்றேன்" என்றாள். கேட்டும் சொல்லவில்லை. எனக்குப் பொறி தட்டியது. புகை இல்லாத கிச்சன் என்று ஆசை காட்டி அடுப்பைத் தூக்க வைத்தது இதற்குத்தானோ? அடுப்பை எடு, பிறகு தொழிலே இல்லை என்று எழுதி ஆளையும் எடு.

"அந்தப் பிள்ளையப் பாத்தா அப்படித் தெரியலயேளா" என்றார் அவர்.

"உங்களுக்கு யாரப் பாத்தாலும் தெரியாது."

கரி சுவரிலேயே இருந்தது. அவர் தலைமாட்டை வாசல் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

ஒரு நாள் காலை, வியாபாரம் முடிந்த நேரம், அடுத்த கல்லியில் சர்வேக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. கரி மட்டும் போதுமா? பழைய கரி என்று சொல்லிவிட்டால்? தேங்காய் வாங்கி வரச் சொல்லி அவரை மார்க்கெட்டுக்கு அனுப்பினேன். பரணில் கிடந்த இட்லிக் கொப்பரையை இறக்கி அடுப்பில் வைத்தேன். மூலையில் மிச்சமிருந்த பிளைவுட் துண்டுகளை அடுக்கி மண்ணெண்ணெய் தெளித்துப் பற்றவைத்தேன். எரியட்டும். வருகிறவன் கண்ணால் பார்க்கட்டும், இங்கே தொழில் நடக்கிறது என்று.

நாள்பட்ட மரம், ஈரம் ஏறியிருந்தது. தீயைவிடப் புகைதான் அதிகம். கண்ணைத் திறக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் திரும்பி வந்தார். சர்வே வந்திருக்கிறது, வீட்டுக்காரன் இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லி, தேங்காய் வாங்காமலே ஓடி வந்திருக்கிறார். வாசலைத் தாண்டவில்லை. படியிலேயே குந்திவிட்டார். இருமல் இருமல், விடாத இருமல். முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது.

"அணைளா" என்று கையை ஆட்டினார். சத்தம் வரவில்லை.

நான் அடுப்பைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், கல்லி முனையைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம்தான், இதோ வந்துவிடுவார்கள் என்று மனது அடித்துக்கொண்டது. வீட்டைக் காப்பாற்றுவதா, இவரையா என்று நிஜமாகவே நின்றேன்.

எதிர்வீட்டுக்காரி வந்தாள். இடுப்பில் குடம். அவரைத் தாண்டி, என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், குடத்துத் தண்ணீர் முழுவதையும் அடுப்பில் கவிழ்த்தாள். குடிதண்ணீர். எங்கள் கல்லியில் அதை யாரும் கை கழுவக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

எனக்கு வெறி வந்துவிட்டது. என் பிழைப்பைக் கெடுக்க இத்தனை வருஷம் காத்திருந்தாள் என்றே நினைத்தேன். தலைமுடியைப் பிடிக்கக் கை தூக்கிவிட்டேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து அடுப்பிடம் சொன்னாள்.

"ஏ அடுப்பே, கேட்டுக்க. அடுத்த கல்லியில பட்டறை பட்டறையாப் பாத்துட்டு வாரானுவ. பொகையிற தொழிலெல்லாம் ஊருக்கு வெளியன்னு எழுதுதானாம். இப்பத்தாம் எங்க அண்ணன் ஓடியாந்து சொன்னாவ. அறிவிருந்தா அணைஞ்சி கெட."

தூக்கிய கை அப்படியே நின்றது. விசிறியை எடுத்துப் புகையை வெளியே தள்ள ஆரம்பித்தேன். அவள் என் முறத்தை எடுத்து விசிறினாள். அவரைத் தூக்கிப்போய் அவள் வீட்டுப் படியில் காற்றுக்கு உட்காரவைத்தோம்.

சர்வேக்காரர் கையில் டேப்லெட்டோடு வந்து மூக்கைச் சுளித்தார். கரிச்சுவரைப் பார்த்தார். இங்கே என்ன வேலை நடக்கிறது, புகை எங்கிருந்து என்று ஹிந்தியில் கேட்டார். ஆமாம் என்றால் ஊருக்கு வெளியே, இல்லை என்றால் வெறும் வீடு.

எதிர்வீட்டுக்காரிதான் முன்னால் வந்தாள்.

"ஸாப், பழைய அடுப்பு, அணைச்சாச்சு. இட்லி தொழில்தான். இப்ப ஸ்டீம்ல செய்யுறோம், புகையே கிடையாது. வாங்க காட்டுதேன். நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் செய்யுறோம்" என்று நல்ல பம்பாய் ஹிந்தியில் அடித்து விட்டாள்.

சர்வேக்காரரைக் கிச்சனுக்குக் கூட்டிப்போனாள். ஒரே பெட்டியில் அவள் தட்டும் என் தட்டும் அடுக்கியிருந்ததைக் காட்டினாள். அவர் போட்டோ எடுத்தார், எதையோ தட்டினார், அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது. மாட்டுங்காப் பெண் விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

ரெண்டு பேரும் சேர்ந்து என்று அவள் சொன்னது எனக்கு ராத்திரி முழுக்க உறுத்தியது. நாளைக்கு இடம் கிடைத்தால் பாதி எனக்கு என்று வந்து நிற்பாளோ? அவரிடம் சொன்னேன்.

"ஏட்டி, அவ குடிதண்ணியக் கொட்டியிருக்கா" என்றார். அதற்கு மேல் பேச அவருக்கு மூச்சில்லை.

அடுத்த வாரம் வெள்ளையடித்தோம். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நானே கரியைச் சுரண்டினேன். இரண்டு பூச்சு அடித்தும் லேசாகத் தெரிந்தது. மூன்றாவது பூச்சில் போயிற்று.

தண்ணீர் வந்ததும் முதல் குடத்தை நிறைத்து எடுத்துப்போய் அவள் வாசலில் வைத்தேன். அவள் வெளியே வந்தாள். குடத்துக்குள் குனிந்து மோந்து பார்த்தாள். விரலை விட்டு நாக்கில் தொட்டு வைத்துப் பார்த்தாள். நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன். தன் டிரம்மில் ஊற்றிவிட்டுக் காலிக் குடத்தைக் கொண்டுவந்து, எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அதனிடம் கேட்டாள்.

"ஏ கொடமே, உங்க வீட்டு அண்ணனுக்கு இருமல் நின்னுச்சான்னு கேட்டுச் சொல்லு."

நான் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"நின்னுருச்சு, மைனி" என்றேன்.