பள்ளிமுனையைப் புகையால் மூடிய கார்

"ஓடிப்போனவள் எண்டு சொல்லாத, றோசம்மா. ஓடிப்போறவள் பின்வேலியால போவாள். என்ர மருமகள் முன்கதவால போனவள்."

"நான் சொல்லேல்லை அக்கா. சனம் சொல்லுது."

"சனம் எண்டால் ஆர்? இந்த ஒழுங்கையில நீயும் உன்ர கோழியளும்தானே."

றோசம்மா பக்கத்து வீட்டுக்காரி. வேலிக்கு அந்தப் பக்கம் மீன் கழுவிக்கொண்டே இந்தப் பக்கத்துக் கதையைக் கேட்டுவிடுவாள். கேட்காததைத் தானே போட்டு நிரப்புவாள். அவள் நிரப்பிய கதை இது: புருஷன் கட்டாரில், பெண்சாதி காரில், இலுப்பைக்கடவைக் கிழவர் ஒருவரோடு கூரையில்லாத காரில் ஏறி நீர்கொழும்புக்குப் போய்விட்டாள். கார் உண்மை. கூரை இல்லை என்பதும் உண்மை. நீர்கொழும்பும் உண்மைதான். மிச்சமெல்லாம் றோசம்மாவுடைய சொந்தச் சரக்கு. ஆகவே நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். இடையில் யாரும் திருத்தவேண்டாம்.

றஞ்சிதா என் மகன் மில்ரனுடைய பெண்சாதி. இங்கே பள்ளிமுனையிலேயே பிறந்தவள். கலியாணமான புதிதில் மில்ரனுடைய வள்ளத்து எஞ்சின் நின்றுவிட்டது. திருத்துகிறவன் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று இழுத்தடித்தான். ஒருநாள் நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், என்னுடைய புதுப் பாயில் எஞ்சின் முழுவதும் கழற்றிப் பரப்பிக் கிடக்கிறது, கருவாடு காயப்போட்ட மாதிரி.

"என்ன பிள்ளை இது?"

"எங்க பிழையெண்டு பாக்கிறன் மாமி."

"பாத்தாப்பிறகு?"

"திருப்பிப் பூட்டுவன்."

பூட்டினாள். மூன்று நட்டு மிஞ்சியது. கயிற்றை ஒருதரம் இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மில்ரன் மிஞ்சிய நட்டுகளைப் பார்த்துப் பயந்து, அன்றைக்குக் கரையை விட்டுத் தூரம் போகவில்லை. அவளை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். பாயில் பிடித்த கிறீஸை இன்னும் மன்னிக்கவில்லை.

அதிலிருந்து கடற்கரையில் எங்களுடைய வாடி, வலையும் வள்ளச் சாமானும் வைக்கிற கிடுகுக் கொட்டில், அவளுக்குப் பட்டறையாகிவிட்டது. மில்ரன் வள்ளத்தை விட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போனான். அப்படியிருந்தும் எஞ்சினைச் சுமந்துகொண்டு வருகிற ஆம்பிளைகள் வாசலில் நின்று, "இது மில்ரன்ர பட்டறைதானே?" என்று கேட்பார்கள். மில்ரனுக்கு ஸ்பனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது.

"ஓம், அவற்ற பட்டறைதான்" என்பாள் றஞ்சிதா. "எஞ்சினை அதில வையுங்கோ. அவர் கட்டாரில இருந்து திருத்துவார்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அவளுக்கு அது அலுத்துப்போயிருந்தது. வருகிற எஞ்சின் எல்லாவற்றுக்கும் ஒரே வருத்தம், உப்பு. ஒரே மருந்து, கழுவித் துடைத்துப் பூட்டுவது. மற்றப் பெண்டுகள் சீலைக்கடை வாசலில் நின்று பார்க்கிற மாதிரி இவள் றோட்டில் போகிற கார், லொறிகளின் எஞ்சின் மூடியை, அந்தப் பொனற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"மாமி, உதுக்குள்ள என்ன இருக்குமெண்டு ஒருக்காத் திறந்து பாக்கோணும்" என்பாள்.

அந்த நேரத்தில்தான் சீவரத்தினம் அண்ணை வந்தார். இலுப்பைக்கடவையில் வயல் செய்கிறவர். அவருடைய தண்ணீர்ப் பம்பை றஞ்சிதா ஒருமுறை திருத்திக் கொடுத்திருந்தாள். அந்த நம்பிக்கையில் உழவு மெஷின் பின்னால் இழுக்கிற பெட்டியில் எதையோ ஏற்றி, மேலே வைக்கோல் மூடிக் கொண்டுவந்து வாடி வாசலில் நிறுத்தினார். வைக்கோலை இழுத்தால் உள்ளே ஒரு சிவப்புக் கார்.

"மிச்சம் எங்க ஐயா?" என்று றஞ்சிதா கேட்டாள்.

"மிச்சமில்லைப் பிள்ளை. இவ்வளவுதான் கார். ரெண்டு பேர்தான் இருக்கலாம். பந்தயத்துக்குச் செய்தது."

அவருடைய தமையன் முன்னொரு காலத்தில் மலைநாட்டில் ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கிய இங்கிலாந்துக் காராம். சண்டைக் காலம் முழுவதும் வைக்கோலுக்குள் கிடந்து தப்பியிருக்கிறது. மன்னார் ரவுணில் காட்டின இடமெல்லாம் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்களாம். சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. றஞ்சிதா காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். புதுப் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போனவர்கள்கூட அப்படிப் பார்த்து நான் காணவில்லை.

பழைய எஞ்சினை உயிர்ப்பிக்கத்தான் முதலில் பார்த்தாள். பிஸ்ரன் எல்லாம் துருவில் இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, கட்டையை வைத்துத் தட்டித் தட்டி அசைத்தாள். அசைந்து வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, எஞ்சின் உடம்பே வெடித்திருந்தது.

"எஞ்சின் செத்துப்போச்சு ஐயா" என்றாள். "காருக்கு ஒண்டுமில்லை. வேற எஞ்சின் வைப்பம்."

பக்கத்து ஊர் உப்புக்குளத்தில் மதிலோடு அடிபட்டுக் கிடந்த யப்பான் வானிலிருந்து ஒரு எஞ்சின் வந்தது. அதையும் முழுதாகக் கழற்றி, பிஸ்ரனுக்குப் புது றிங் போட்டு, பெயரிங் மாற்றிப் பூட்டினாள். பாயைத் தரமாட்டேன் என்று நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். படங்குச் சீலையில் பரப்பினாள்.

எஞ்சினைத் தூக்கிக் காருக்குள் இறக்குவதற்கு யாகப்பர் ஆள் கூட்டிக்கொண்டு வந்தார். கரைவலைச் சம்மாட்டி, வலைக்கும் இழுக்கிற ஆட்களுக்கும் முதலாளி, பெரிய மனிசர். வாடிக் கூரை வளையில் கப்பியைக் கட்டி, நங்கூரக் கயிற்றால் எஞ்சினைப் பிணைத்து, "ஏலேலோ" என்று தொடங்கினார். கரைவலை இழுக்கிறவர்களுக்கு இழுக்கத் தெரியும். பாதியில் நிறுத்தத் தெரியாது. "காணும், காணும்" என்று றஞ்சிதா கத்தக் கத்த, பாட்டு முடியும்வரைக்கும் இழுத்தார்கள். எஞ்சின் போய்க் கூரைக் கிடுகில் முட்டிக்கொண்டு நின்றது.

"இனி இறக்குங்கோ மாமா" என்றாள் றஞ்சிதா.

யாகப்பர் கொஞ்சம் யோசித்தார். "இறக்கிறதுக்குப் பாட்டு இல்லைப் பிள்ளை" என்றார்.

பாட்டில்லாமலே மெல்ல மெல்ல இறக்கினார்கள். எஞ்சினுக்கு இடம் வெட்டி, தாங்கு இரும்பு ஒட்டி, பின்சில்லுக்குப் போகிற தண்டை நீட்டிப் பூட்டினாள். எல்லாம் பொருந்தியது, பொனற் மட்டும் மூடவில்லை. வான் எஞ்சின் உயரம். வள்ளத்துக்கு பைபர் ஒட்டுகிறவளுக்கு இது ஒரு வேலையா? பொனற்றை வெட்டி, மேலே பைபரில் ஒரு மேடு கட்டினாள்.

"எத்தினை மாசம் பிள்ளை?" என்று வேலிக்கு மேலால் றோசம்மா கேட்டாள்.

"காருக்குத்தான் மாமி. எனக்கில்லை" என்றாள் றஞ்சிதா.

மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வந்த றெனால்ட் இந்தக் காரைக் கண்டது அப்போதுதான். நீர்கொழும்பில் பழைய கார்களை மட்டும் திருத்துகிற கராச் வைத்திருக்கிறவர். பள்ளிமுனையில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர் வாடியை எட்டிப் பார்த்தார். பொனற்றைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"ஆர் செய்தது?"

"நான்தான்."

"உம்மட புருஷன்..."

"அவர் கட்டாரில இருந்து செய்யேல்லை. நான் இங்கயிருந்து செய்தனான்."

றெனால்ட் நேரே விஷயத்துக்கு வந்தார். காரின் உள்வேலையும் நிறம் அடிக்கிறதும் தன்னுடைய கராச்சில் செய்யலாம், சீவரத்தினம் அண்ணைக்குச் சம்மதமென்றால் கொண்டுவரலாம் என்றார். பிறகு றஞ்சிதாவைப் பார்த்தார்.

"ஆனால் கார் சொந்தச் சில்லில ஓடி வரோணும். ஓடி வந்தால் உமக்கு என்ர கராச்சில வேலை. பழைய கார் இருவதுக்குமேல நிக்குது. லொறியில ஏத்தி வந்தால் காரை இறக்கிப்போட்டுத் திரும்பிப் போகவேண்டியதுதான்."

அன்றிரவு அவள் சோற்றைப் பிசைந்தாளே தவிரச் சாப்பிடவில்லை. இருபது கார். ஒவ்வொன்றுக்குள்ளும் வேறு வேறு எஞ்சின். மில்ரனுக்குப் போன் எடுத்தாள். அவன், "அம்மா ஓமெண்டால் எனக்கும் ஓம்" என்றான். "என்னை ஏன் கேக்கிறாய்? உன்னைத் தொட்டிலில போட்டுக்கொண்டு கிழிஞ்ச வலை பொத்தின எனக்குத் தனிய இருக்கத் தெரியாதே?" என்று நான் போனைப் பறித்துச் சொன்னேன். ஆகவே எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சம்மதம். மிச்சம் காரின் சம்மதம்தான்.

எஞ்சினை முதல்முதலாக முடுக்கின அன்று கடற்கரை முழுக்கச் சனம். ஞாயிற்றுப் பூசை முடிந்து எல்லாரும் வெள்ளைச் சட்டையோடு நேரே வாடிக்கு வந்துவிட்டார்கள். பங்குச் சுவாமியார் தீர்த்தம் தெளித்தார். றெனால்ட் பார்க்கவேண்டுமென்று போனில் வீடியோ போட்டு அவருடைய முகத்தை எடுத்து, பொனற் மேட்டில் சாய்த்து வைத்தாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. பிடித்ததோடு பின்னாலிருந்து ஒரு புகை புறப்பட்டது. அது வாடியை மூடி, வெள்ளைச் சட்டைகளை மூடி, சுவாமியாரை மூடி, ஒழுங்கைக்குள் போய் றோசம்மாவின் கருவாட்டுப் பந்தலை மூடியது. சுவாமியார் இருமுகிற சத்தத்தை வைத்துத்தான் அவர் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடித்தோம்.

புகை அடங்கினபோது போனுக்குள் றெனால்ட் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "றிங் பிழைச்சுப்போச்சு. இதோட வெளிக்கிட்டால் புத்தளம் தாண்ட முதல் பொலிஸ் பிடிக்கும். வரவேண்டாம்."

றஞ்சிதா சனம் கலைந்ததும் எஞ்சினை மறுபடி தூக்கி, மறுபடி பிரித்தாள். யாகப்பரின் ஆட்கள் இந்தமுறை பாட்டைப் பாதியில் நிறுத்தப் பழகியிருந்தார்கள். றிங் நல்லாக இருந்தது. எல்லாமே நல்லாக இருந்தது. பூட்டி முடுக்கினாள். அதே புகை. இன்னொரு தரம் பிரித்தாள். கண்ணெல்லாம் சிவந்துபோய், ஸ்பனரைப் பிடித்தபடி வாடி மணலில் குந்தியிருந்தாள். "எனக்கு வள்ளத்து எஞ்சின்தான் மாமி எழுதியிருக்கு" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அது ஒருமுறைதான்.

மூன்றாம் தரம் பூட்டி முடிந்த நாள், சீவரத்தினம் அண்ணை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். காரில் பெற்றோல் இல்லை. வாடியில் இருந்த பெற்றோல் கானும் வெறுமை. தன்னுடைய மோட்டார் சைக்கிளிலிருந்து ஒரு போத்தல் எடுத்துக் கார்த் தாங்கிக்குள் ஊற்றப் போனார்.

"பொறுங்கோ, பொறுங்கோ" என்று யாகப்பர் ஒயில் போத்தலோடு ஓடி வந்தார். "கலக்காமல் ஊத்தப்போறியளே?"

"எதைக் கலக்கிறது?"

"ஒயிலை. பெற்றோலுக்குள்ள ஒயில் கலக்காட்டி எஞ்சின் இறுகிப்போமெல்லே."

"அது வள்ளத்துக்கு. என்ர மோட்டார் சைக்கிளுக்கு நான் ஒருநாளும் கலக்கிறேல்லையே."

றஞ்சிதா மெல்ல எழும்பினாள்.

"யாகப்பு மாமா, எஞ்சின் முடுக்கின அண்டைக்கு வாசலில நிண்ட கானுக்குள்ள நீங்கள் ஒயில் ஊத்தினனீங்களே?"

"ஓம் பிள்ளை. நீ மறந்துபோனாயாக்குமெண்டு."

"நானும் ஊத்தினனான்" என்றார் பின்னால் நின்ற ஒருவர். "கான் சும்மா நிண்டது."

"நானும் கொஞ்சம்" என்றார் இன்னொருவர். பிறகு எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஊரில் பிறந்ததிலிருந்து கலந்துதான் பழக்கம். பெற்றோல் கானைக் கண்டால் அதற்கு ஒயில் ஊற்றிவிட்டுப் போவது அயலுக்குச் செய்கிற உதவி. றஞ்சிதா முதலிலேயே பெற்றோல் எடுத்தது வாடிக் கானிலிருந்து. அதுவும் வள்ளத்துக்கென்று அவளே கலந்து வைத்த கான்தான்; கார் எஞ்சினில் அந்த ஒயில் எரிந்து புகையாகத்தான் போகும். அவளுடைய கையும் எங்களுடைய கைதானே.

அண்ணையின் போத்தலை ஊற்றி முடுக்கினார்கள். முதலில் பழைய புகை கொஞ்சம் கக்கியது. பிறகு மெலிந்தது. பிறகு ஒன்றுமில்லை, சத்தம் மட்டும்தான், பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி. அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே றெனால்டுக்குப் போனில் காரைக் காட்டினாள். அவர் புகைக்குழாயைப் பக்கத்தில் காட்டச் சொல்லி நெடுநேரம் பார்த்துவிட்டு, "வாரும்" என்றார். அந்த ஒரு சொல்தான்.

அவளிடம் லைசென்ஸ் இருந்தது; ஓட்டக் கார்தான் இதுவரை இருக்கவில்லை. சீவரத்தினம் அண்ணை பக்கத்துச் சீட்டில் தான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவருடைய பெண்சாதி கனகம்மா அப்படி நினைக்கவில்லை.

"கலியாணம் கட்டினதில இருந்து உழவு மெஷின் சில்லுக்கு மேல, மட்காட்டில குந்தித்தான் போறன். இதில நான்தான் போவன். நீங்கள் பஸ்ஸில வாங்கோ" என்றாள்.

"கார் என்ரயெல்லோ?"

"கார் உங்கட. சீற் என்ர."

அண்ணைதான் றோசம்மா சொல்கிற கிழவர். அவர் போனது பஸ்ஸில், மடியில் சோற்றுப் பார்சலோடு. வேண்டுமென்றால் கொண்டக்டரைக் கேட்கட்டும்.

போகிற காலை றஞ்சிதா சப்பாத்துப் போட்டாள். வாடியில் வெறுங்காலோடு நின்றவள் என்பதால் நடை கொஞ்சம் கோணியது. மில்ரன் போனில், "அம்மாக்கு ஆர் தண்ணி அள்ளுறது?" என்று கேட்டான். "பைப் அள்ளும். வை போனை" என்றேன். ஒழுங்கையில் வேலிக்கு வேலி தலைகள். கனகம்மா முந்திவந்து, கூந்தலைச் சீலைத் தலைப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டு காரில் குந்தியிருந்தாள். நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். சுவாமியார் தந்த செபமாலை கண்ணாடியில் தொங்கியது.

றஞ்சிதா ஸ்பனர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள்ளிருந்து வந்தாள். என் முன்னால் நின்று குனிந்தாள். நெற்றியில் சிலுவை போட்டுவிட்டேன். கையில் கிறீஸ் மணம், எத்தனை சவர்க்காரம் போட்டும் போகாதது.

"மாமி, கதவைச் சாத்தட்டே?"

"சாத்தாத. காத்து வரட்டும்."

அவள் முன்கதவால் இறங்கிப் போனாள். காருக்கு முன்னால் ஒழுங்கைக் கழுதை ஒன்று கால் நீட்டிப் படுத்திருந்தது. பெட்டியைச் சீட்டுக்குப் பின்னால் வைத்து, ஏறி ஹோர்ன் அடித்தாள், அசையவில்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இறங்கி வந்து, புதுச் சப்பாத்தை மண்ணில் ஊன்றி, தோளைக் கொடுத்துக் கழுதையைத் தள்ளினாள். அது எழும்பி, உதறி, றோசம்மாவின் படலைப் பக்கம் போனது. றஞ்சிதா காரில் ஏறினாள்.