சறுக்குமலையில் உடைந்த தேங்காய்

பனி விடாமல் கொட்டிய ஒரு காலையில் சிவகரனின் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். “அக்கா, அண்ணா போயிட்டார். வாசல்லை பனி வழிச்சுக்கொண்டு நிண்டவர், அப்பிடியே விழுந்திட்டார்.” எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். மாடிக் கட்டடங்களின் உயரத்திலிருந்து பாய்ந்து காலூன்றி இறங்கியவனை, ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் அவனுடைய வீட்டு வாசல் பனி கொண்டுபோவதாவது! அதுவும் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவனை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறம்ரன் நகரப் பண்டசாலையில் அவனோடு வேலை செய்தவர்களுக்கு அவன் அமைதியான மேற்பார்வையாளன். முழங்காலை லேசாக இழுத்து நடப்பான். அந்த முழங்காலின் கதை பலருக்குத் தெரியாது. எண்பதுகளில் சிவகரன் கனடாவின் உடுப்பணிந்து பனிச்சறுக்குத் தாவல் போட்டிகளில் பாய்ந்தவன். பனி இறுகிய சரிவில் சறுக்கி வந்து, விளிம்பில் எழும்பி, உடலை முன்னே சாய்த்துக் காற்றில் போய், கீழே மலைச்சரிவில் இறங்க வேண்டும். தூரத்துக்கும் புள்ளி, இறங்குகிற அழகுக்கும் புள்ளி. நம்மவர்களில் வேறு யாரும் இதைச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவனுடைய தகப்பனார் சுரங்கப் பொறியியலாளர். கனடாவின் வடக்கே ஒரு சிறிய ஊரில் வேலை. அங்கே அயல்வீட்டுப் பின்லாந்துப் பிள்ளைகளோடு சேர்ந்து சிறுவயதிலேயே பழகிக்கொண்டான். எண்பத்து மூன்றில் குடும்பம் ரொறன்ரோவில் மோர்னிங்சைட்டுக்கு வந்தது. அடுத்த வருடம், மன்னாரிலிருந்து அகதியாய் வந்த நான் அவர்களுடைய வீட்டு நிலவறையில் வாடகைக்குக் குடியேறினேன். மாலையானால் என் தலைக்கு மேலே ‘தொம், தொம்’ என்று சத்தம். ஒருநாள் பொறுக்க முடியாமல் படியேறிப் போனேன். மாடிப்படியில் குந்தியிருந்து, கீழே விரித்த மெத்தைமேல் பாய்ந்துகொண்டிருந்தான்.

“உதென்னடா தம்பி, வீடு இடிஞ்சு என்ரை தலையிலை விழப்போகுது!”

“பறக்கப் பழகிறன் அக்கா.”

“மனிசர் பறக்கிறதோ?”

“பறக்கிறேல்லை அக்கா. விழுறதைக் கொஞ்சம் பிந்தப்பண்ணுறம், அவ்வளவுதான்.”

அவனுடைய தாயார் பரமேஸ்வரி அன்ரி எல்லாப் போட்டிக்கும் போவார். ஆனால் ஒரு பாய்ச்சலையும் கண்ணால் பார்த்ததில்லை. மகன் உச்சியில் உட்கார்ந்ததும் மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “இறங்கிட்டானோ பிள்ளை?” என்று கேட்டபடி இருப்பார். “இறங்கிட்டான் அன்ரி” என்று நான் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வரும். குளிரென்றாலே சுருண்டு படுக்கிற நான் மலைமலையாய் அலைந்ததற்குக் காரணம் அந்தக் கைதான்.

தேசிய அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி ரொறன்ரோவுக்கு வடக்கே பல மணி நேர ஓட்டத்தில் இருந்த ஒரு மலையில் நடந்தது. ஆளுக்கு இரண்டு பாய்ச்சல். முதல் மூவருக்கு இடம். அது கிடைக்காவிட்டால் அவன் வேலைக்குப் போவதாகத் தகப்பனாருக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அயலிலிருந்த தமிழ்ச் சனமெல்லாம் சேர்ந்து நாங்கள் இரண்டு வான்களில், புளிச்சாதமும் சுடுதேத்தண்ணீருமாய்ப் போய் இறங்கினோம். முதற் பாய்ச்சலில் சிவகரன் இரண்டாமிடம். நாங்கள் போட்ட கூச்சலில் வெள்ளைக்காரர்கள் மலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

அந்தச் சந்தோசத்தில், எங்களோடு வந்த பொன்னம்பலம் அண்ணைக்குக் கை சும்மா இருக்கவில்லை. மட்டக்களப்பு மனிதர். நல்ல காரியமென்றால் தேங்காய் உடைக்காமல் விடமாட்டார். கோட்டுக்குள் ஒன்றை ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். வேலியைத் தாண்டி, வீரர்கள் இறங்கி வந்து நிற்கிற இடத்தில், கல்லாய் உறைந்த பனிமேல் ஓங்கி அடித்தார். தேங்காய் சிதறியது. சிரட்டைத் துண்டுகள் பாதையெல்லாம் ஓடின. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அந்த வேகத்தில் வருகிறவனின் சறுக்குப் பலகைக்குக் கீழே ஒரு சிரட்டைத் துண்டு அகப்பட்டால் கழுத்து முறியும். நடுவர் ஒருவர் முகம் சிவக்க ஓடிவந்தார். போட்டியை நிறுத்தினார். அடுத்த பாய்ச்சலுக்கு மேலே போகப் புறப்பட்ட சிவகரனை மறித்து, எங்களைச் சுட்டிக்காட்டிக் கேட்டார்: “இவர்களை உனக்குத் தெரியுமா? உன்னோடு வந்தவர்களென்றால் உன்னையே விலக்கவேண்டி வரும்.”

தெரியாதென்று ஒரு தலையாட்டு ஆட்டியிருக்கலாம். நாங்களும் பேசாமல் வானுக்குப் போயிருப்போம். பொன்னம்பலம் அண்ணையே, “தெரியாதெண்டு சொல்லு தம்பி, தெரியாதெண்டு சொல்லு” என்று தமிழில் கெஞ்சினார்.

சிவகரன் நடுவரைப் பார்த்து ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னான். “இவர்கள் என்னுடைய ஆட்கள்.” பிறகு எங்கள் பக்கம் திரும்பினான். “அண்ணை, அழாதையுங்கோ. எல்லாரும் வாங்கோ, பொறுக்குவம்.” தோளிலிருந்த பலகைகளைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் குந்தினான். நாங்கள் வரிசையாய் இருந்து கையுறையால் பனியைத் தடவித் தடவிப் பொறுக்கினோம். அவனோடு போட்டிக்கு வந்த மற்றப் பையன்களும் வந்து குந்தினார்கள். கடைசியில் நடுவரும் குனிந்து ஒரு துண்டை எடுத்து, “மேலே போ” என்றார்.

கால் விறைத்துப் போய்த்தான் ஏறினான். அன்ரி முதுகைத் திருப்பிக்கொண்டார். அவன் எழும்பினான். அத்தனை நேரம் ஒரு மனிதன் காற்றில் நிற்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒரு காலை முன்வைத்து, கைகளை விரித்து இறங்கினான். “இறங்கிட்டானோ?” “இறங்கிட்டான் அன்ரி! மூண்டாம் ஆள்! எடுத்திட்டாங்கள் அன்ரி!” நான் அழுததை மறைக்கவில்லை.

பிறகு ஐரோப்பிய மலைகளிலும் பாய்ந்தான். பதக்கம் எதுவும் வாங்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் ஒரு விழுகையில் முழங்கால் போனது, அத்தோடு விட்டான். ஆனால் கனடாவில் அவன் பாய்ந்த ஒவ்வொரு போட்டிக்கும் தேங்காய் உடைந்தது. “இனிப் பார்க்கிங்கிலை உடையுங்கோ அண்ணை” என்பது அவன் போட்ட ஒரே நிபந்தனை. பயிற்சியாளரே வந்து, “தேங்காய் ஆயிற்றா?” என்று கேட்டுவிட்டுத்தான் அவனை மேலே அனுப்புவார்.

இறுதிச் சடங்கில் முன்வரிசையைக் குடும்பத்துக்கென்று விட்டிருந்தார்கள். பரமேஸ்வரி அன்ரி அங்கே சக்கர நாற்காலியில் இருந்தார். கண் தெரியாத வயதில், கையை நீட்டித் துழாவிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற இளம்பெண் என்னை மறித்தாள். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டாள், “சொறி அன்ரி, நீங்க ஃபமிலியோ?”

பதிலுக்கு நான் யோசிக்கவில்லை. அதை அவன் எனக்கு அந்த மலையடியிலேயே தந்துவிட்டான். அவனிடமிருந்து நான் வைத்திருப்பதும் அது ஒன்றுதான்.

“ஓம் பிள்ளை. உவன் என்ரை ஆள்” என்றேன். போய் அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.