முதல் கேஸ்

என் தங்கையைப் பற்றி யாராவது, "டாக்டரம்மாவுக்கு என்னங்க குறை, ராணி மாதிரி வாழ்க்கை" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராணியாம்! எந்த ராணி நின்றுகொண்டே சாப்பிட்டாள்? எந்த ராணி முப்பது வயது தாண்டியும் பரீட்சைக்குப் படித்தாள்? நான் அழகு நிலையம் வைத்திருக்கிறேன். என் நாற்காலியில் உட்காருகிறவர்கள் ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள், நானும் சிரித்துக்கொண்டே கேட்பேன். இந்தப் பேச்சு வந்தால் மட்டும் சீப்பைக் கொஞ்சம் அழுத்தி வாரிவிடுவேன்.

வீட்டில் அவளுக்குப் பெயர் முடிச்சு. அப்பா வைத்தது. அறுவை சிகிச்சை படிக்கப் போன புதிதில், தையல் முடிச்சு கைக்குப் பழக வேண்டும் என்று கண்ணில் பட்டதில் எல்லாம் நூல் கட்டிவைப்பாள். நாற்காலிக் கை, கட்டில் கால், குக்கர் பிடி, ஜன்னல் கம்பி. டிவி பார்த்துக்கொண்டே இருப்பாள், விரல்கள் மட்டும் தனியாக வேலை செய்யும். வலது கை படிந்ததும் இடது கை. ஒருநாள் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார், செருப்பின் வாரும் நாற்காலிக் காலும் ஒன்றாகக் கட்டிக் கிடந்தன. விழப் பார்த்தார்.

"அடியே முடிச்சு! நீ காப்பாத்தப் படிக்கறியா, கொல்லப் படிக்கறியா?"

அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது.

அம்மா நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டாள். அப்புறம் எல்லாம் அப்பாதான். ஒரு பெரிய அலுவலகத்தில் அதிகாரிகளுக்குக் கார் ஓட்டினார். ஓட்டுவது கொஞ்சம், காத்திருப்பது நிறைய. கூட்டம் முடியும்வரை, விருந்து முடியும்வரை, அதிகாரியின் மனைவி துணி எடுத்து முடிக்கும்வரை, சீட்டைச் சாய்த்துக்கொண்டு கிடப்பார். "எனக்குச் சம்பளம் ஓட்டறதுக்கு இல்லம்மா, காத்திருக்கறதுக்கு" என்பார். எங்கள் இருவரையும் யாரிடமாவது அறிமுகப்படுத்தினால், "ஒருத்தி கத்தி, ஒருத்தி கத்தரிக்கோல். நடுவுல நான் முழுசா இருக்கறதே பெரிய விஷயம்" என்று சிரிக்க வைப்பார்.

சாப்பிட உட்கார்ந்தால் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே பேச்சுதான்.

"என் வயித்துல முதல் கத்தி நீதான் வைக்கணும்."

"சரிப்பா. படிச்சு முடிச்சு, எனக்குன்னு ஒரு ஆபரேஷன் நாள் குடுக்கட்டும். முதல் கேஸ் நீங்கதான்."

"பேச்சு மாறக் கூடாது."

"நீங்க வந்து படுங்க, அப்புறம் பாருங்க."

"சோத்துக்கு முன்னாடி பேசற பேச்சா இது!" என்று நான் கத்துவேன். இரண்டு பேரும் இன்னும் உற்சாகமாகப் பேசுவார்கள். அதில் ஒருவர் விளையாட்டாகப் பேசவில்லை என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

பொது அறுவை சிகிச்சை முடித்தாள். அதோடு விட்டாளா? மேலே குடல் அறுவை சிகிச்சைக்கென்று தனியாகப் படிக்கப் போனாள். "ஏண்டி, இதயம் இருக்கு, மூளை இருக்கு, போயும் போயும் குடலா?" என்று கேட்டேன்.

"மூளை இல்லாம நிறைய பேர் நல்லாத்தான் இருக்காங்கக்கா. குடல் இல்லாம ஒருத்தர் இருந்து காட்டட்டும்."

தனியார் மருத்துவமனைகள் கூப்பிட்டன. போக மாட்டேன் என்றாள். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஆராய்ச்சி செய்ய வேண்டும், அதற்குக் கல்லூரி மருத்துவமனைதான் சரி என்று பிடிவாதமாக அங்கேயே இருந்தாள். அவள் ஆராய்ச்சி என்ன தெரியுமா? குடலில் புற்று வந்தவர்கள் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறார்கள் என்பது. சீக்கிரம் வந்தால் வெட்டி எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம், வருகிறவர்களில் பாதிப் பேர் எல்லாம் முற்றிய பிறகுதான் வருகிறார்கள் என்று புலம்புவாள். ஒவ்வொரு கட்டிலாகப் போய் உட்கார்ந்து கேட்பாள்: முதலில் எப்போது தெரிந்தது? அப்புறம் ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?

என்னிடம் முடி வெட்டிக்கொள்ள வரும்போது அந்தப் பதில்களைச் சொல்லுவாள். "ரத்தம் போகுதுன்னு வாய் விட்டுச் சொல்ல வெட்கம்க்கா. பாதிப் பேர் மூலம்னு நினைச்சுக் களிம்பு தடவிட்டிருக்காங்க. ஒருத்தருக்கு லீவு கிடைக்கல. ஒரு அம்மா, பொண்ணுக்குப் பிரசவம் ஆகட்டும்னு இருந்துட்டாங்களாம்." இன்னொன்றிலும் அவள் கறார். நோயாளியின் சொந்தக்காரர்கள் சட்டையைப் பிடித்து இழுத்து, "அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்று கெஞ்சினால் ஒப்புக்கொள்ளவே மாட்டாள். "அது அவர் உடம்பு. நோயாளிகிட்ட பொய் சொல்ற வேலை நான் பண்ண மாட்டேன்" என்பாள்.

ஒரு மாநாட்டில் அந்த ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. எங்கள் கூடத்தில் நின்று பேசிப் பழகினாள். கேட்க ஆள் வேண்டுமே, அப்பாவை உட்கார வைத்தாள். எல்லாம் இங்கிலீஷ். எடை குறையும், ரத்தம் போகும், வயிறு மாறிமாறிப் படுத்தும் என்று அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, அப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் பலமாகக் கைதட்டினார். அவர் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். "என்னப்பா இளைச்சுட்டீங்க?" என்று முடிச்சு கேட்டதற்கு, "ரிட்டயர் ஆகப்போற டிரைவர் குண்டா இருந்தா காருக்குத்தான் கஷ்டம்" என்றார். அவளும் சிரித்துவிட்டு ஓடினாள். அடுத்த டியூட்டி இருந்தது.

பிறகு அவளுக்கு உதவிப் பேராசிரியர் வேலை வந்தது. வாரத்தில் ஒருநாள் அவள் பெயரில் ஆபரேஷன் நாள். போனில் சொன்னபோது அழுதாள். நானும் அழுதேன். அப்பா மட்டும் அழவில்லை. "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு விட்டார்.

அந்த வாரமே என்னிடம் வந்து, "நாளைக்குக் கடையைக் கொஞ்சம் லேட்டாத் திற. என்னோட ஒரு இடத்துக்கு வா" என்றார். இஸ்திரி போட்ட சட்டை, பளபளவென்று ஷூ. பார்த்தால் நேராக அவள் மருத்துவமனை. மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்று சீட்டு வாங்கினார். பெஞ்சில் உட்கார்ந்தார். "என்னப்பா விளையாட்டு இது?" என்றேன். "சும்மா இரு" என்றார்.

எங்கள் முறை வந்து உள்ளே போனோம். முடிச்சு நிமிர்ந்து பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்னப்பா, மகளை வேவு பார்க்க வந்தீங்களா?"

"சொன்னேன்ல. முதல் கேஸ் நான்தான். வந்துட்டேன்."

"போங்கப்பா, வெளிய அறுபது பேர் நிக்கறாங்க."

அப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வெட்கத்தோடு குரலைத் தாழ்த்தினார். "ரத்தம் போகுதும்மா. ரொம்ப நாளா."

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, நூற்றுக்கணக்கான பேரிடம் கேட்ட அதே கேள்விகளை, அதே வரிசையில் கேட்டாள்.

"முதல்ல எப்பப்பா தெரிஞ்சுது?"

"நீ குடல் படிக்கப் போனியே, அந்த வருஷம்."

"ஐயோ. அப்புறம் ஏம்ப்பா இவ்வளவு நாள் வரல?"

"என்னம்மா கேள்வி இது? நீ முடிக்கணும்ல? உனக்காகத்தான் காத்திருந்தேன்."

பெருமையாகத்தான் சொன்னார், பாவி மனுஷன். எனக்கு அங்கேயே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. முடிச்சு எழுந்து, திரைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் கழித்து வந்தாள்.

பரிசோதனைகள் நடந்தன. புற்றுதான். அதை அவரிடம் அவளே சொன்னாள், மறைக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எப்ப பண்ணப் போறே?"

சொந்த ரத்தத்தின் மேல் கத்தி வைக்கக் கூடாது என்பது அவர்கள் தொழிலின் வழக்கம். கை நடுங்கும், மனம் தடுமாறும், யாரும் அனுமதிக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது அரிச்சுவடி. அரிச்சுவடி என்பதால்தான் அதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று அத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது சொன்னாள். துறைத் தலைவர்தான் செய்வார் என்றாள். அவர் பெரிய கோபக்காரர், மாணவர்கள் வைத்த பெயர் இடி. ஆனால் கை தங்கம்.

அப்பா கண்ணடித்தார். "எனக்குத் தெரியாததா? நான் ஆபீஸ்ல பார்க்காததா? கையெழுத்து ஒருத்தர் போடுவார், வேலை இன்னொருத்தர் பண்ணுவார். பேருக்கு அவர், கத்தி நீ. வெளியில சொல்ல மாட்டேன்."

"இல்லப்பா, நிஜமாவே..."

"சரி சரி, புரியுது."

ஆபரேஷன் அன்று அவரைத் தள்ளுவண்டியில் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக முடிச்சு அந்தக் கதவுக்கு வெளியே என்னோடு உட்கார்ந்தாள். என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, அதில் தொங்கிய நூலை முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். நான் வாங்கிவந்த காபி ஆறுவதற்குள் கதவு திறந்தது. இடி வெளியே வந்தார். "அதுக்குள்ள முடிஞ்சுதா, நல்லதாப் போச்சு" என்று நான் எழுந்தேன். அவள் எழவில்லை. இவ்வளவு சீக்கிரம் அவர் வெளியே வரக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

"ஸ்கேன்ல தெரிஞ்சதைவிட ரொம்ப அதிகம்மா. வயிறு முழுக்கப் பரவியிருக்கு. எடுக்க வழியில்ல. சாப்பாடு போக மட்டும் பாதை பண்ணிட்டு மூடிட்டேன்." அந்தக் கோபக்காரர் அவள் தலையில் கை வைத்தார்.

மறுநாள் அப்பாவுக்கு நன்றாக நினைவு வந்தது. உதடு காய்ந்திருந்தது. அவளைத்தான் தேடினார்.

"நீதானே பண்ணினே?"

நான் அவளைப் பார்த்தேன். பொய்யே சொல்லாதவள். அப்பாவின் கண்கள் அப்படி மின்னின.

"ஆமாப்பா. நான்தான்."

"தெரியும். வலியே இல்ல பாரு."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நோயை அவளால் மறைக்க முடியாதே. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அப்பா, எல்லாத்தையும் எடுக்க முடியல. பரவியிருக்கு."

அப்பா கூரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"விடு. முதல் கேஸ்தானே? எடுத்த எடுப்பில எல்லாம் வந்துடுமா? நான்கூட முதல்நாள் வண்டியைத் தூண்ல இடிச்சேன்."

வராந்தாவுக்கு இழுத்து வந்து அவளைப் பிடித்துத் திட்டினேன். "பைத்தியமாடி உனக்கு? இப்ப உன்னாலதான் ஆச்சுன்னு நினைக்கறார்! போய் உண்மையைச் சொல்லு."

"என்னன்னு சொல்ல? நீங்க காத்திருந்தது வீண், நான் தொடக்கூட இல்லன்னா? அதைவிட இது பரவாயில்லக்கா." சுவரைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். நானும் திட்டுவதை விட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா, வருகிறவர்களுக்கு எல்லாம் சட்டையைத் தூக்கி வயிற்றுத் தையலைக் காட்டுவார். "என் பொண்ணு போட்டது. எவ்வளவு நேரா இருக்கு பாருங்க." அவள் பக்கத்தில் இருந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

சில மாதங்கள்தான். மறுபடி மருத்துவமனையில் சேர்த்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். இடி மாணவர்களோடு கட்டிலுக்கு வந்தார். அப்பா கஷ்டப்பட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"சார், பாப்பாவைத் திட்டாதீங்க. சின்னப் பொண்ணு. அடுத்ததை நல்லா பண்ணுவா."

அந்த வயிற்றைத் திறந்து மூடியவர் அவர். முடிச்சைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள்.

"திட்டலைங்க," என்றார் அவர். "நல்லாத்தான் பண்ணியிருக்கா." சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகாமல் நேராக வெளியே போய்விட்டார்.

அதற்கு மறுநாள் அப்பா போய்ச் சேர்ந்தார்.

வீட்டுக்கு அப்பாவின் ஆபீஸ் டிரைவர்கள் எல்லோரும் வந்தார்கள். வெள்ளை யூனிபார்மோடு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. மாலை வைத்துவிட்டு, என்னைத் தாண்டி, ஒருவர் பின் ஒருவராக அவளிடம் போனார்கள். முதலில் வந்தவர், அப்பாவோடு வேலைக்குச் சேர்ந்தவர், அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தாம்மா போயிருக்கார். பொண்ணு மேல தப்பு இல்ல, முதல் கேஸ், யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னு. நாங்க யாரும் தப்பா நினைக்கலம்மா. நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

நான் வாயைத் திறந்தேன். முடிச்சு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அடுத்தவரும் அதையேதான் சொன்னார். அதற்கு அடுத்தவரும். கடைசி டிரைவர் வரும்வரை அங்கேயே நின்று, ஒவ்வொருவருக்கும் "சரிங்க" என்றாள்.