குப்பியில் ஒட்டிய மருந்து

ரங்கூன் தாமுவேயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவுகிறேன். அங்கே ஒரு தமிழ் சாயாமா இருந்தார். டீச்சரம்மாவையும் படித்த பெண்களையும் இங்கே அப்படித்தான் சொல்வோம். ஒல்லி உடம்பு, கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்த பூச்சு. செல்லுக்குள் உப்பைச் சுமந்துபோகும் மருந்து செய்துகொண்டிருந்தார். செல்லின் சவ்வு கொழுப்பு என்பதால், மருந்திலும் தடவைக்குத் தடவை எண்ணெய்ப் பசையைக் கூட்டினார். உப்பு உள்ளே போகவில்லை. அந்த மாதத்தோடு இந்த மருந்து வேலையை நிறுத்தச் சொல்லி மேலிடத்தில் உத்தரவு போட்டுவிட்டார்கள்.

“சாயாமா, புது மருந்து குப்பியை விட்டே வரமாட்டேங்குது. சவ்வுலயும் இப்படித்தான் ஒட்டிக்கிட்டு நிக்குமோ?” என்றேன்.

“அண்ணே! இத்தன நாளா ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலயே.”

சிரித்துவிட்டார். பசையைக் குறைத்தார். உப்பு உள்ளே போனது.

அதன்பின் புது மருந்து செய்யும்போதெல்லாம் முதல் குப்பியை அவரே கழுவினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.